புதுப்பிப்பு: துப்பாக்கிக் குழல் துடைக்கும் துணியில் நீலம் வருவது நிற்காததற்குக் காரணம் பிரஷ்தான்

என் .308 ரைபிள் குழலைச் செம்புக் கரைப்பான் போட்டு எத்தனை முறை துடைத்தாலும் துணி நீலமாகவே வருகிறது என்று எழுதியிருந்தேன். கரைப்பானில் செம்பு கரைந்தால் நீலம் வரும்; ஆனால் அது தோட்டாக்கள் குழலில் விட்ட செம்பு இல்லை. செம்பு கலந்த வெண்கலப் பிரஷும் பித்தளை ஜேகும் (துணியைப் பிடித்திருக்கும் கம்பி முனை) அம்மோனியா உள்ள அந்தக் கரைப்பானில் கரைந்து காட்டிய நிறம். நைலான் பிரஷ், நிக்கல் பூசிய ஜேக் மாற்றியதும் மூன்றாவது துணியிலேயே நீலம் வெளுத்தது.

பிறகு துணி மறுபடி கருப்பு! வெடிமருந்துக் கரியும் செம்பும் அடுக்கடுக்காகப் படிவதால், ஒன்றை உரித்தால்தான் அடுத்தது தெரியும். முதலில் கரி நீக்கும் திரவம்: 10–15 நிமிடம் ஊறல், நைலான் பிரஷால் தேய்ப்பு, உலர்ந்த துணி. அப்புறமே செம்புக் கரைப்பான். தொண்டைப் பகுதியில் (தோட்டா அறைக்கு அடுத்து, குழலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம்) கரி வளையம் கல்லாக இறுகியிருக்கும், அங்கே கூடுதலாகத் தேய்க்க வேண்டும். அம்மோனியாவை மட்டும் இரவு முழுக்க விடாதீர்கள், எஃகு அரிக்கும். கடைசியில் மெல்லிய எண்ணெய். சுடுமுன் அதையும் துடைத்துவிடுங்கள்.