பாத்ரூம் சுவருக்கு நெடியும் நச்சும் இல்லாத பொருள் எது?

மதுரை அம்மா:
வீடு கட்டி முப்பது வருஷம் ஆகிறது. பாத்ரூமில் பாதி உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேலே பெயின்ட் உப்பு பொரிந்து உதிர்கிறது. பழைய சுவர் மேலேயே பிவிசி பேனல் ஒட்டிவிட்டால் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்கிறார் மேஸ்திரி. என் மகளுக்கு வீசிங் உண்டு, பெயின்ட் நெடி பட்டாலே இருமல் வந்துவிடும், அதனால்தான் தயங்குகிறேன். சுண்ணாம்புப் பூச்சு பாத்ரூமுக்குத் தாங்குமா? ஆத்தங்குடி டைல்ஸை சுவரில் பதிக்கலாமா?

காரைக்குடிவாசி:
பேனல் வேண்டாம்மா. உப்பு பொரிகிறது என்றாலே சுவருக்குள் ஈரம் ஏறியிருக்கிறது, அதைப் பிளாஸ்டிக்கால் மூடினால் ஈரம் போக வழியில்லாமல் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், வீசிங் இருக்கிற பிள்ளைக்கு அது ரொம்பக் கெடுதல். சுண்ணாம்பு தாங்கும், ஆனால் இடம் பார்த்துப் பூச வேண்டும். காரம் அதிகம் என்பதால் பூஞ்சை எளிதில் அண்டாது, சுவரும் மூச்சு விடும், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகவே செய்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த சுவர்கள் இன்னும் வழவழவென்று நிற்கின்றன. மொராக்கோவில் தடெலாக்ட் என்று ஒரு சுண்ணாம்புப் பூச்சு உண்டு, கல்லால் தேய்த்து ஆலிவ் எண்ணெய் சோப்பு பூசுவார்கள், சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத படலமாகிவிடும், அங்கே குளியல் கூடங்களிலேயே அதைத்தான் பூசுகிறார்கள். நம் ஊரில் அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். சாதாரண சுண்ணாம்புப் பூச்சில் ஷவர் தண்ணீர் நேராக அடித்தால் நிற்காது.

கோவை சைட் இன்ஜினியர்:
ஷவர் பக்கம் செராமிக் டைல்ஸே போடுங்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பொருள், அதிலிருந்து நெடி வர ஒன்றும் மிச்சமில்லை. கவனிக்க வேண்டியது டைல்ஸுக்குப் பின்னால் போகிற சரக்கை. ஒட்டுவதற்குத் தண்ணீரில் கலக்கிற சிமென்ட் பவுடர் வாங்குங்கள், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் போட்டிருக்கும். டப்பாவில் வருகிற, கரைப்பான் நெடி அடிக்கிற பசை வேண்டாம். டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட்டில், எபாக்ஸி என்ற பிசின் வகை இறுகிய பிறகு பிரச்சினை இல்லை, ஆனால் இறுகுவதற்கு முன்னால் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம், சிமென்ட் கிரவுட்டே உங்களுக்குப் போதும்.

இதைவிட முக்கியம் இடிக்கிற நாட்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, முப்பது வருஷப் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காய்ந்த சுவரில் உப்புத்தாள் போட விடாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். டைல்ஸ் வெட்டும்போது பறக்கிற சிலிக்கா தூசும் நுரையீரலுக்கு ஆகாது, அதையும் தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், வேலை செய்கிறவர்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்த நாட்களில் மகளைப் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள்.

தஞ்சைத் தோழி:
ஆத்தங்குடி டைல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது சூளையில் சுடாத சிமென்ட் டைல்ஸ், தண்ணீரை உறிஞ்சும், ஷவர் படாத சுவரில் பதித்தால் அழகாக இருக்கும். ஆனால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பட்டால் அதுவும் போச்சு, சுண்ணாம்பும் போச்சு. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், வீசிங் இருக்கிற வீட்டில் ஆசிட்டே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மதுரை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஷவர் பக்கம் செராமிக், மற்ற சுவர்களுக்குச் சுண்ணாம்பு என்று முடிவு செய்துவிட்டோம். பழைய பூச்சு மேலேயே சுண்ணாம்பு பூசலாமா?

காரைக்குடிவாசி:
கூடாதும்மா. பொரிந்த பூச்சைச் செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுத்துவிட்டு நன்றாகக் காய விடுங்கள். அதற்கு முன்னால் உள்ளே போகிற குழாய்களில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், கசிவு இருந்தால் எதைப் பூசினாலும் மறுபடி பொரியும்.