கொசு ஒழிப்புக்கு வீட்டு வரியா?

மல்லிகைப்பந்தல்:
லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் பகுதிக் கொசு ஒழிப்பு வாரியத்திலிருந்து தபாலில் வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து ஆண்டுதோறும் ஒரு கட்டணம் வசூலிக்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள். நான் ‘ஆம்’ போடப்போகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு 2013இல்தான் கலிபோர்னியாவில் தலைகாட்டியது. பத்தே ஆண்டில், 2023இல், பாசடீனாவிலும் லாங் பீச்சிலும் வெளியூர் போகாதவர்களுக்கே டெங்கு வந்துவிட்டது. நம் ஊரில் டெங்குவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைப் பார்த்தவள் நான்.

வரிக்கணக்கு:
எனக்குச் சம்மதமில்லை, அம்மா. சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வரி கூடாது என்று 1978இல் கலிபோர்னியா மக்கள் 13ஆம் முன்மொழிவு என்ற சட்டத்துக்கு வாக்களித்துத் தீர்த்துச் சொன்னார்கள். பிறகு ‘கட்டணம்’ என்று பெயரை மாற்றி ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். வாக்கெடுப்பு முறையும் நியாயமாக இல்லை. அதேபோல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 1996இன் 218ஆம் முன்மொழிவுப்படி, யார் எவ்வளவு கட்டவேண்டுமோ அந்த அளவுக்குத்தான் அவர் சீட்டுக்கு மதிப்பு. பெரிய நிலக்காரர் ஒருவர் எங்கள் தெருவையே அமுக்கிவிடலாம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ சீட்டே வராது. கொசு அவரைக் கடிக்காதா?

மல்லிகைப்பந்தல்:
வாடகைக்காரர் விஷயத்தில் எனக்கும் உங்கள் கோபம்தான். அவர்களால் போட முடியாத ‘ஆம்’ என்று நினைத்துத்தான் போடுகிறேன்.

தச்சநல்லூர்:
பக்கத்து வீட்டு நீச்சல்குளம் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது என்று எங்கள் வாரியத்துக்குச் சொன்னேன். ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. என் கொல்லைத் தண்ணீரை நானே கொட்டிவிடுவேன், இவர்கள் எதற்கு?

இரவுப்பணி:
உங்கள் கொல்லையைச் சுத்தமாக வைத்தால் போதுமா, அண்ணா? ஏடிஸ் அதிகம் பறக்காது, ஆனால் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலிருந்து உங்கள் வாசலுக்கு வந்துவிடும். மேற்கு நைல் என்ற வைரஸ் காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். 2007இல் பேக்கர்ஸ்ஃபீல்டில், கடன் கட்ட முடியாமல் விட்டுப்போன வீடுகளின் குளங்கள் இப்படித்தான் பச்சையாகிக் கிடந்தன. அந்த ஆண்டு அந்த ஊர் இருக்கும் கெர்ன் கவுண்டியில் (மாவட்டத்தில்) மேற்கு நைல் நோயாளிகள் பெருகினார்கள். தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எதுவும் தெரியாது; ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்கு மூளையோ நரம்போ பாதிக்கும். அப்படி ஒருவரை நான் வார்டில் பார்த்துக்கொண்டேன். நல்ல திடகாத்திரமான மனிதர். கரண்டியைத் தூக்க முடியாமல் அழுதார். மூன்று வாரம் ஆனது ஆள் போதாமல்தான். பணத்தையும் மறுத்தால் யார் வருவார்கள்?

வரிக்கணக்கு:
நோயை நான் சிறுமைப்படுத்தவில்லை, சகோதரி. சீட்டோடு வந்த அறிக்கையைப் படியுங்கள். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கூட்டிக்கொள்ளலாமாம், முடிவுத் தேதியே இல்லை. பத்தாண்டு கழித்து மறுபடி கேட்போம் என்று எழுதியிருந்தால் நானே ‘ஆம்’ போட்டிருப்பேன்.

மல்லிகைப்பந்தல்:
பொதுக்கூட்டம் முடியும்வரை சீட்டை மாற்றிப் போட உரிமை உண்டு. அங்கே வந்து கால வரம்பு கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். என் சீட்டு நாளைத் தபாலில் போகிறது.