பழைய காரின் டேஷ்போர்டுக்குள் இருந்த கறுப்புப் பெட்டி: கழற்றலாமா, கூடாதா?

தேவனாம்பட்டினம்:
நான்கு மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு தரகர் மூலம், பிஒய் 01 பதிவெண் கொண்ட பழைய கார் ஒன்றை வாங்கினேன். மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடுவதால், இங்கே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றிய மெக்கானிக், ஒயர்க் கட்டுக்குப் பின்னால் டேப் சுற்றி ஒட்டியிருந்த, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார். பிரித்தபோது நான்கு ஒயர்களும், விட்டுவிட்டு மின்னும் பச்சை விளக்கும், பக்கவாட்டில் ஒரு சிம் அட்டையும் தெரிந்தன. “வண்டி எங்கே போகிறது என்று யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் சார்” என்றார். அந்தக் காரில்தான் தினமும் என் மகளைப் பள்ளியில் விடுகிறேன். என்ன செய்வது?

லாஸ்பேட்டை:
இன்றே வெட்டி எறியுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வண்டியில், குழந்தை ஏறும் இடமும் இறங்கும் இடமும் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நெல்லிக்குப்பம்:
வெட்டாதீர்கள் ஐயா. வண்டி மின்வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சிவப்பு ஒயர் பேட்டரிக்கும், கறுப்பு எர்த்துக்கும், மூன்றாவது சாவி இணைப்புக்கும் போவது வழக்கம்; நான்காவது பெரும்பாலும் ரிலே என்ற மின் சுவிட்சுக்குப் போகும். பெட்ரோல் பம்புக்குச் செல்லும் ஒயரை இடையில் வெட்டி, இரு முனைகளையும் அந்த ரிலே வழியாகச் சேர்த்திருப்பார்கள். ரிலேயோடு பிடுங்கினால் பம்புக்கு மின்சாரம் போகாது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வெட்டிய முனைகளை முதலில் நேராக இணைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். பக்கத்தில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குடையது, அதில் கை வைக்கவே கூடாது. இன்னொன்று, கடனில் எடுத்த வண்டிகளில் கடன் கொடுத்தவர்களே இதைப் பொருத்துவதுண்டு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் ஈட்டுப் பதிவு, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு, நீங்கியிருக்கிறதா?

லாஸ்பேட்டை:
கடன் வாங்கியவர் பழைய உரிமையாளர். அவர் வைத்த பாக்கிக்கு இவருடைய மகள் போகும் வழியை ஏன் ஒருவர் கண்காணிக்க வேண்டும்? பாக்கி இருந்தால் வழக்குப் போடட்டும். தவணை தவறினால் நடுவழியில் வண்டியை நிறுத்துவதற்குத்தான் அந்த ரிலே என்றால், அதைக் கழற்ற அதுவே போதுமான காரணம்.

நெல்லிக்குப்பம்:
கண்காணிப்பு சரி என்று நான் சொல்லவில்லை. பெட்டியைக் கடலில் எறிந்துவிட்டால் அதை வைத்தவர் யார் என்பது தெரியாமலே போய்விடும் என்கிறேன். பெட்டியின் மேல் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும் சிம் எண்ணையும் படமெடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், சிம் யார் பெயரில் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் அவர்கள் கேட்டு வாங்க முடியும். ஒயரைக் கழற்றியதும் பெட்டி செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பலவற்றில் உள்ளேயே சிறு பேட்டரி இருக்கிறது.

தேவனாம்பட்டினம்:
நேற்றிரவு ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். கடன் ஈட்டுப் பதிவு அப்படியே இருக்கிறது. பெயரும் என் பெயருக்கு மாறவில்லை. கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது என்பதைத் தரகர் சொல்லவே இல்லை. கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 பற்றிக் கேட்டால், “அடுத்த வாரம்” என்று நான்கு மாதமாகச் சொல்கிறார்.

லாஸ்பேட்டை:
அப்படியானால் தரகர்மீதும் சேர்த்துப் புகார் கொடுங்கள். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை: அந்தப் பெட்டி மின்னிக்கொண்டிருக்கும் வண்டியில் குழந்தையை ஏற்றக் கூடாது.

நெல்லிக்குப்பம்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. படிவம் 35 கைக்கு வரும்வரை பாக்கிப் பணம் ஏதும் இருந்தால் தராதீர்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் கடலூரில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் புதுச்சேரியில் தடையின்மைச் சான்று கேட்கும்போதும் இதே கடன் குறுக்கே நிற்கும்.

தேவனாம்பட்டினம்:
இன்று காலை மகளைப் பேருந்தில் அனுப்பினேன். படங்கள் எடுத்தாயிற்று. மெக்கானிக் முனைகளை இணைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றி, ஒரு சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாலையில் அதோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன்.