8 முதல் 10ஆம் வகுப்புக்குக் கடினமான கணிதப் புதிர்கள்: எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

அரைவட்டம் (கேள்வி)

வாரம் ஒரு மணி நேரம், 8 முதல் 10ஆம் வகுப்பு வரை 20 மாணவர்கள். பாடக் கணக்கில் எல்லாரும் கெட்டி. புதிர் என்று வந்தால் சிலர் விடையை எங்கோ பார்த்துவிட்டு வருகிறார்கள், மற்றவர்கள் ஐந்தே நிமிடத்தில் பேனாவை வைத்துவிடுகிறார்கள். 12 நாணயப் புதிரில் (ஒன்று போலி, அது கனமா லேசா தெரியாது, தராசில் மூன்றே எடைபோடலில் எது போலி, கனமா லேசா இரண்டையும் சொல்ல வேண்டும்) ஏறக்குறைய எல்லாருமே 6-க்கு 6 வைத்து ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்கள். குறிப்பை எப்போது, எவ்வளவு கொடுப்பது? விடை தெரிந்து வருபவர்களுக்கு என்ன கொடுப்பது?

தராசுமுள்

6-க்கு 6 வைப்பது கவனக்குறைவு இல்லை, எதையும் பாதியாகப் பிரித்தே பழகிய கை. தராசு மூன்று விதமாகப் பதில் சொல்லும் (இடது தாழும், வலது தாழும், சமமாக நிற்கும்) என்பது இன்னும் மனதில் ஏறவில்லை. அதனால் 12-க்கு முன்னால் 9 நாணயம் கொடுங்கள்: ஒன்று கனம் என்று தெரியும், இரண்டே எடைபோடல். 3, 3, 3 என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். பிறகு, மூன்று எடைபோடல் இருந்தால் அதிகபட்சம் எத்தனை நாணயம் என்று கேளுங்கள். 27 என்று வந்தபின் 12-க்குப் போகலாம்.

12-இல் எண்ண வேண்டியது நாணயங்களை அல்ல, சாத்தியங்களை. ஒவ்வொரு நாணயமும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம், ஆக 24. முதல் எடைபோடலுக்குப் பிறகு இரண்டுதான் மிச்சம், இரண்டைக் கொண்டு 9 சாத்தியங்களுக்கு மேல் பிரிக்க முடியாது. இப்போது அட்டவணையை மாணவர்களையே போடச் சொல்லுங்கள்:

6–6: சமமாக நிற்கவே நிற்காது, எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் 12 சாத்தியம்.
5–5: சாய்ந்தால் 10.
3–3: சமமானால் வெளியே 6 நாணயம், 12 சாத்தியம்.
4–4: எப்படி ஆனாலும் 8.

விடை தெரியாமலே முதல் படி இதுதான், வேறு வழி இல்லை என்று தெரிந்துவிடுகிறது! இந்தப் புதிரின் உயிரே அந்த இடம்தான். தயவுசெய்து அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை எண் போட்டு, 1, 2, 3, 4-க்கு எதிரே 5, 6, 7, 8 வையுங்கள். 4–4 சமமாக நின்றால் சுலபம். 9, 10, 11 மூன்றையும் நல்லவை என்று உறுதியான மூன்றுக்கு எதிரே வைக்கலாம். சமமானால் போலி 12தான், அதை ஒரு நல்ல நாணயத்தோடு நிறுத்தால் கனமா லேசா தெரிந்துவிடும். சாய்ந்தால் கனமா லேசா உடனே தெரியும், அடுத்து 9-க்கு எதிரே 10.

மாணவர்கள் மாட்டிக்கொள்வது முதல் எடைபோடல் சாயும்போது. 1, 2, 3, 4 தாழ்ந்து 5, 6, 7, 8 உயர்ந்தது என்று வையுங்கள். இருக்கும் நாணயங்களைத் தட்டு மாற்றி வைக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றாது. இடது தட்டில் 1, 2, 5. வலது தட்டில் 3, 4, 6. வெளியே 7, 8. சமமானால் 7, 8-இல் லேசானது போலி. இடது தாழ்ந்தால் 1 அல்லது 2 கனம், இல்லையென்றால் 6 லேசு: 1-க்கு எதிரே 2 வைத்தால் முடிந்தது. வலது தாழ்ந்தால் 3 அல்லது 4 கனம், இல்லையென்றால் 5 லேசு: 3-க்கு எதிரே 4. எட்டு சாத்தியங்கள் 3, 3, 2 என்று பிரிந்தன.

எட்டுக்கட்டம்

ஐந்து நிமிடத்தில் பேனாவை வைப்பவர்களுக்குக் கையால் செய்து பார்க்க ஏதாவது வேண்டும். 8×8 கட்டத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டை வெட்டிவிட்டால் 62 கட்டம் மிஞ்சும். இரண்டு கட்டத்தை மூடும் டோமினோ 31-ஐக் கொண்டு மூட முடியுமா? சதுரங்கப் பலகையில் கொடுக்காதீர்கள், அதன் நிறமே விடையைச் சொல்லிவிடும். வெறும் கட்டத்தாளில் கொடுங்கள், கறுப்பு வெள்ளை பூசும் யோசனை அவர்களிடமிருந்து வரட்டும். (வெட்டிய இரண்டும் ஒரே நிறம், ஒவ்வொரு டோமினோவும் இரண்டு நிறத்தையும் மூடும். 32-உம் 30-உம் எப்படிச் சரிப்படும்?)

"எவ்வளவு வைத்தும் வரவில்லை, அதனால் முடியாது" என்ற பதில் கட்டாயம் வரும். அது நிரூபணம் இல்லை என்று புரியவைக்க அடுத்த கேள்வியைப் போடுங்கள்: ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று எங்கே வேண்டுமானாலும் வெட்டினால்? எப்போதும் முடியும். 64 கட்டத்தையும் ஒருமுறை தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு வளையப் பாதையை வரையுங்கள். வெட்டிய இரண்டும் அதை இரட்டைப்படை நீளமுள்ள துண்டுகளாகத்தான் பிரிக்கும், துண்டின் மேல் டோமினோவை வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம்.

குறிப்பு கொடுப்பதென்றால் கேள்வியாகவே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து "4×4-இல் என்ன ஆகிறது?", அதற்கும் நகரவில்லை என்றால் "எது மாறாமலே இருக்கிறது?" இந்த இரண்டுக்கு மேல் தேவைப்பட்டால் புதிரை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

"எது மாறவில்லை" என்பதற்கு இன்னொன்று. 1, 1/2, 1/3 என்று 1/100 வரை எழுதுங்கள். ஏதாவது இரண்டை, க, ச என்று வையுங்கள், அழித்துவிட்டு க + ச + கச எழுத வேண்டும். ஒரே எண் மிஞ்சும்வரை இப்படியே. எந்த வரிசையில் அழித்தாலும் கடைசியில் 100. ஒவ்வொரு எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வரும் பெருக்கல் பலன் மாறுவதில்லை: 2 × 3/2 × 4/3 × … × 101/100 = 101. முதலில் 1/4 வரை மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் பின்னக் கூட்டலிலேயே நேரம் போய்விடும்.

பகாஎண்17

விடை தெரிந்து வருபவர்களுக்குப் புதுப் புதிர் தேட வேண்டாம், பழையதில் ஒரு எண்ணை மாற்றினாலே போதும். பாலம் கடக்கும் புதிர் எல்லாருக்கும் தெரியும்: நால்வர் கடக்க 1, 2, 5, 10 நிமிடம், ஒரே விளக்கு, ஒரு நேரத்தில் இருவர், அதுவும் மெதுவானவரின் வேகத்தில். விளக்கை ஒவ்வொரு முறையும் யாராவது திருப்பிக் கொண்டுவர வேண்டும், எல்லாரும் கடக்கக் குறைந்தது எத்தனை நிமிடம்? விடை 17. மெதுவான இருவரையும் சேர்த்து அனுப்புவதுதான் தந்திரம் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 2-ஐ 4 ஆக்குங்கள். அதே தந்திரத்தில் 4+1+10+4+4 = 23 ஆகும். 1 நிமிடக்காரரே ஒவ்வொருவரையும் கொண்டுபோய் விட்டால் 10+1+5+1+4 = 21. இரண்டாமவரின் நேரத்தை இரட்டித்தது, முதலாமவர், மூன்றாமவர் நேரங்களின் கூட்டலைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்தத் தந்திரம் லாபம். இந்த விதியை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும், விடையைவிட இதுதான் பெரிது.

100 கதவுப் புதிரும் அப்படித்தான்: மூடிய 100 கதவுகள், 100 மாணவர்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணின் மடங்கான கதவுகளை எல்லாம், திறந்திருந்தால் மூடி, மூடியிருந்தால் திறக்க வேண்டும். கடைசியில் எவை திறந்திருக்கும்? வழக்கமான விடை முழு வர்க்க எண்ணுள்ள 10 கதவுகள். "ஒற்றைப்படை எண் மாணவர்கள் மட்டும் வந்தால்?" என்று கேளுங்கள். இப்போது ஒற்றைப்படைக் காரணிகளை மட்டும் எண்ண வேண்டும். வர்க்க எண்களோடு அவற்றின் இரட்டிப்பும் (2, 8, 18, 32, 50, 72, 98) திறந்திருக்கும், மொத்தம் 17.

அரைவட்டம்

அப்படியானால் நாணயத்தையும் மாற்றிப் பார்க்கலாம். 13 நாணயம் என்றால் 26 சாத்தியம், 27-க்குள் வருகிறதே. மூன்று எடைபோடலில் முடியும் அல்லவா?

தராசுமுள்

முடியாது. 27-க்குள் இருப்பது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. 4–4 வைத்துச் சமமானால் வெளியே 5 நாணயம், 10 சாத்தியம். 5–5 வைத்துச் சாய்ந்தாலும் 10. இரண்டுமே 9-ஐத் தாண்டுகின்றன. இரண்டு தட்டிலும் ஒரே எண்ணிக்கை வைத்தாக வேண்டும் என்பதால் சாய்ந்தால் கிடைப்பது எப்போதும் இரட்டைப்படை, 9 என்று நிறுத்த முடிவதில்லை. எது போலி என்று மட்டும் கேட்டு, கனமா லேசா என்பதை விட்டுவிட்டால் 13-உம் முடியும்: 4–4 சமமானபின், மீதி ஐந்தில் மூன்றை மூன்று நல்ல நாணயங்களுக்கு எதிரே வையுங்கள். அதுவும் சமமானால் மிஞ்சிய இரண்டில் ஒன்றை நல்லதோடு நிறுத்தாலே போதும். 12 நாணயத்தை முடித்தவர்களுக்கு இந்த 13-ஐ "முடியுமா, முடியாதா" என்று இரண்டு வடிவிலும் கொடுங்கள்.