தாம்பூலப் பைக்கு ராகி பிஸ்கட்: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நமுத்துப் போகுது, என்ன செய்யலாம்?

பாலக்கோடு அடுப்படி
தருமபுரி மண்டபத்துல கல்யாணம், இன்னும் 24 நாள் இருக்கு. 250 தாம்பூலப் பை, பைக்கு 2 ராகி பிஸ்கட், முட்டை சேர்க்கக் கூடாது. உடையறதுக்கும் சேர்த்து 550 கணக்கு. இருக்கிறது 28 லிட்டர் ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) ஒண்ணுதான், டிரேக்கு 12 பிடிக்கும்.

மாதிரிக்கு ஒரு தடவை சுட்டேன். ராகி மாவு 150 கிராம், கோதுமை மாவு 50, வெண்ணெய் 120, நாட்டுச்சர்க்கரை 100, சோடா உப்பு அரை டீஸ்பூன், கொஞ்சம் பால். 170 டிகிரி, 12 நிமிஷம். டப்பாவுல போட்டு 4 நாள் ஃப்ரீசர்ல வெச்சேன். எடுத்து மூடியைத் திறந்த பத்தாவது நிமிஷம் மேலெல்லாம் ஈரம் பூத்திருச்சு. கடிச்சா நமுத்துப் போயிருக்கு, ஓரம் உதிருது, இஞ்சி பூண்டு விழுது வாடை வேற. சுடாம மாவை மட்டும் ஃப்ரீஸ் பண்ணி வெச்சுட்டு கடைசியில சுட்டுக்கலாமா?

ராகிமாவு
மாவா ஃப்ரீஸ் பண்றது நல்ல முறைதான், ஆனா உங்க கணக்குக்கு ஒத்து வராது. 550 பிஸ்கட், டிரேக்கு 12ன்னா 46 டிரே. சுட்டு, மாத்தி வைக்க ஒரு டிரேக்கு 18 நிமிஷம்னு வெச்சாலும் 14 மணி நேரம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அடுப்படியில யார் நிக்கிறது? சுட்டே ஃப்ரீஸ் பண்ணுங்க.

ஈரத்துக்குக் காரணம் ஃப்ரீசர் இல்லீங்க, மூடியைத் திறந்த நேரம். ஜில்லுன்னு இருக்கிற பிஸ்கட் மேல காத்துல இருக்கிற ஈரம் படிஞ்சிடும், குளிர்ந்த சொம்பு வேர்க்கிற மாதிரி. வெளியே எடுத்த டப்பாவைத் திறக்கவே கூடாது. டப்பாவோட வெளிப்பக்கம் வேர்த்து, அப்புறம் காய்ஞ்சு, தொட்டா சாதாரண சூட்டுக்கு வரணும். 50 பிஸ்கட் அடுக்கின டப்பாவுக்கு நாலு மணி நேரமாவது ஆகும். ராத்திரி எடுத்து வெச்சுட்டு காலையில திறங்க.

ஒரு கேள்வி: உள்ளே அடைக்கும்போது சூடு முழுசா ஆறியிருந்துச்சா?

பாலக்கோடு அடுப்படி
லேசா வெதுவெதுன்னு இருந்துச்சுங்க.

ராகிமாவு
அதுவும் சேர்ந்துடுச்சு. அந்தச் சூட்டுல வர்ற ஆவி மூடிக்குள்ளேயே உறைஞ்சு, அப்புறம் உருகி பிஸ்கட் மேலேயே சொட்டும். கம்பி ஸ்டாண்டுல பரப்பி ஒரு மணி நேரம் ஆற விடுங்க. வாடைக்கு: வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கும். பட்டர் பேப்பர் போட்டு அடுக்கி, கெட்டி ஜிப் கவர்ல காத்தை அமுக்கி எடுத்து, அந்தக் கவரை டப்பாவுக்குள்ள வைங்க. விழுது டப்பாவையும் கறியையும் அந்த மாசம் வேற இடத்துக்கு மாத்திடுங்க.

ஓசூர் ஓவன்
உதிர்றது ஃப்ரீசர் கோளாறு இல்லை, மாவு விகிதம். ராகியில பசைத்தன்மை இல்லை, பிடிச்சு வைக்க கோதுமைதான் வேணும். முக்கால் பங்கு ராகின்னா பையில போட்டுக் குலுக்கினாலே தூள். பாதிக்குப் பாதி போடுங்க. 200 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன் சோடாவும் ஜாஸ்தி.

ஒரு ஈடுக்கு: ராகி மாவு 500 கிராம் (சின்னத் தீயில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, ஆறினதும் சலிச்சது), கோதுமை மாவு 500, உப்பில்லாத வெண்ணெய் 600, சலிச்ச நாட்டுச்சர்க்கரை 500, பேக்கிங் பவுடர் தலை தட்டி 2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், ஏலக்காய். பால் 80 மில்லியில ஆரம்பிங்க, உருண்டை பிடிச்சா விரிசல் விடாத அளவு போதும். தராசுல 20 கிராம் வெச்சு உருட்டினா சுமார் 110 வரும். அஞ்சு ஈடுல உங்க கணக்கு முடிஞ்சது. தட்டின பிறகு டிரேயோட 20 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு சுட்டா பரவாது.

வெண்ணெய்க்குப் பதிலா முழுக்க நெய் வேண்டாம். நான்கட்டாய் மாதிரி வாயில கரையும், பையிலயும் கரையும்.

12 நிமிஷம் பத்தாது. ராகி முதல்லயே பழுப்பு, நிறத்தை வெச்சு வெந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணை ஆற வெச்சு நடுவுல உடைச்சுப் பாருங்க. உடைஞ்ச இடத்துல ஓரத்தை விட நடு அடர்த்தியா, பிசுபிசுன்னு ஒரு கோடு தெரிஞ்சா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. 170ல 15 நிமிஷம், அப்புறம் 140க்கு இறக்கி 5 நிமிஷம்.

காரிமங்கலம்
நல்லா முறுகச் சுட்ட பிஸ்கட்டுக்கு ஃப்ரீசர் எதுக்குங்க? காத்துப் புகாத தகர டப்பாவுல 10 நாள் தாராளமா இருக்கும். தினம் ஒரு ஈடு, நாலஞ்சு மணி நேரம், அஞ்சு நாள்ல முடிஞ்சிடும்.

பாலக்கோடு அடுப்படி
கடைசி 10 நாள் வீடு முழுக்க சொந்தக்காரங்க, அடுப்படி கையில இருக்காது. ஃப்ரிட்ஜ் 250 லிட்டர் டபுள் டோர்.

ஓசூர் ஓவன்
அப்போ ஃப்ரீசர்தான். அடுக்கினா 20 லிட்டர் இடம் போதும், டபுள் டோர்ல பிடிக்கும். சிங்கிள் டோர்ல பிடிக்காது. மாதாந்திர பராமரிப்பு மின்தடை அன்னிக்கு கதவைத் திறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் ஒரு பகல் முழுக்கத் தாங்கும். உருகி மறுபடி உறைஞ்சா நமுத்துத்தான் போகும். டப்பா திறந்த பிறகும் லேசா நமுத்திருந்தா 150 டிகிரியில 5 நிமிஷம் காட்டி, ஆற வெச்சு அடைங்க.

காரிமங்கலம்
சரி, ஃப்ரீசரே இருக்கட்டும். ஆனா பையில தேங்காய், வெத்தலையோட அப்படியே போட்டுடாதீங்க. வெத்தலை ஈரம் ஒரு ராத்திரியில வேலையைக் காட்டிடும். ரெண்டு ரெண்டா ஹீட் சீல் பண்ணின கவர்ல போட்டு, வெத்தலையை பை கொடுக்கிற அன்னிக்கு மட்டும் சேருங்க. தேங்காய் அடியில, பிஸ்கட் மேல.

பாலக்கோடு அடுப்படி
நாளைக்கு அரை ஈடு போட்டு உடைச்சுப் பார்க்கிறேன். ஹீட் சீல் மெஷின் இல்லை, மெழுகுவத்தியில கவர் ஓரத்தை ஒட்டலாமா?

காரிமங்கலம்
ஒட்டலாம், ஆனா 250 கவர்ல பாதி ஓட்டை விழும். கைக்கு அடக்கமான சீலர் பாத்திரக்கடையில கேளுங்க. ஒட்டின கவரை தண்ணியில அமுக்கிப் பாருங்க, குமிழி வந்தா அது சரியா ஒட்டலை.