ஜிம்மில் 'க்ளூட்ஸ்' என்று சொல்வது எந்த இடத்தை?

குன்னூர்க்காரன் கேட்கிறார்:

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு ஜிம்மில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வயது 42, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. முதல் நாளே மாஸ்டர், "சார், உங்களுக்கு க்ளூட்ஸ் ரொம்ப வீக்" என்றார். அப்புறம் ஸ்குவாட் என்று உட்கார்ந்து எழ வைத்து, "ஸ்குவாட்டில் எழும்போது க்ளூட்ஸை டைட் பண்ணுங்க", "வியாழன் க்ளூட் டே, லீவு போடாதீங்க". எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இது இடுப்பா, தொடையா, பின்பக்கமா? சின்னப் பையன்கள் நிற்கும் இடத்தில் கேட்கக் கூச்சம். இன்னொன்று: மலையிலேயே பிறந்து ஏறி இறங்குகிறவனுக்கு அது எப்படி வீக் ஆகும்? இறக்கத்தில் மட்டும் வலது முட்டி வலிக்கும்.

லவ்டேல் ரயில்:

உட்காரும் இடம் சார். இதற்கா இவ்வளவு சுற்று!

கோத்தகிரி பிசியோ:

லவ்டேல் சொன்னது பாதி சரி. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா "இடுப்புல ஊசி" என்று திரும்பச் சொல்வாரே, அந்த இடம்தான். நம் ஊரில் பிட்டம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னிடம் வருகிறவர்களும் அங்கே கையை வைத்துக்கொண்டு இடுப்பு வலி என்றுதான் சொல்வார்கள். வலி இடுப்பிலா, கீழேயா என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

க்ளூட்ஸ் என்பது குளூட்டியஸ் என்ற மருத்துவப் பெயரை ஜிம்காரர்கள் சுருக்கியது. அது ஒரே தசை இல்லை, பக்கத்துக்கு மூன்று. மேலே தெரிகிற பெரிய தசை மேக்ஸிமஸ். உடம்பிலேயே பெரிய தசை அதுதான். அதற்கு அடியில், இடுப்பெலும்பின் வெளிப்பக்கமாக மீடியஸ், அதற்கும் உள்ளே மினிமஸ்.

மேக்ஸிமஸ் தொடையைப் பின்னால் தள்ளும். ஊட்டி ஏரிக்கரையில் மட்டமாக நடந்தால் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. சிம்ஸ் பூங்காவில் கீழே வரை இறங்கிவிட்டு மறுபடி கேட்டுக்கு ஏறுகிறீர்களே, அப்போதுதான் வேலை. தரையிலிருந்து எழும்போதும், ஓடும்போதும் அப்படியே. மலையில் பிறந்தது கணக்கில்லை, ஏறுவதுதான் கணக்கு. மார்க்கெட்டுக்குக் கூட ஸ்கூட்டரில் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் எப்படி என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் முட்டிக்கு மீடியஸைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் தொங்காமல் பிடிப்பது அதுவும் மினிமஸும். அது தளர்ந்தால் அடி வைக்கும்போது தொடை உள்ளே திரும்பி, முட்டியும் கூடவே சாய வாய்ப்புண்டு. இறக்கத்தில் முன்தொடை ஏற்கெனவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், பாரம் முட்டியில் விழும். கண்ணாடி முன் வலது காலில் நின்று பாருங்கள். இடது இடுப்பு கீழே இறங்கினால் வலது மீடியஸ் பலவீனம் என்று சந்தேகப்படலாம். ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலன்பெர்க் 1895-இல் எழுதிய சோதனை இது, இன்றும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

குன்னூர்க்காரன்:

நன்றி மேடம். ஸ்கூட்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். நின்று பார்த்தேன், இடுப்பு இறங்கத்தான் செய்கிறது. "க்ளூட்ஸ் ஃபயர் ஆகல" என்றும் மாஸ்டர் சொன்னார், அது என்ன?

ஊட்டி பளு:

அண்ணா, அது எங்கள் ஜிம் பாஷை. ஸ்குவாட்டில் பாரத்தை முன்தொடையும் கீழ்முதுகுமே வாங்கிக்கொண்டு பின்பக்கம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். 'ஆக்டிவேட் பண்ணுங்க' என்றாலும் இதுதான். க்ளூட் டே என்றால் ஸ்குவாட், ஹிப் த்ரஸ்ட் (முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பைத் தூக்குவது), லன்ஜ் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்குவது) எல்லாம் ஒரே நாளில். மறுநாள் உட்கார்ந்து எழும்போது தெரியும்! தசையாக, பயிற்சியாகப் பேசும்போதுதான் இந்த வார்த்தை. வழுக்கி விழுந்தவன் 'க்ளூட்ஸில் அடி' என்று சொல்ல மாட்டான்.

கோத்தகிரி பிசியோ:

தசை தூங்கிவிட்டது, மறந்துவிட்டது என்றெல்லாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. அது வேலையே செய்யாவிட்டால் அண்ணன் நாற்காலியைவிட்டு எழவே சிரமப்படுவார். பலம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குன்னூர்க்காரரே, ஸ்குவாட் எடையைக் கூட்டும் முன் இரண்டு செய்யுங்கள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது பிரிட்ஜ். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக உயர்த்துவது மீடியஸுக்கு. காலை முன்னால் கொண்டுபோனால் வேலை வேறு தசைக்குப் போய்விடும், லேசாகப் பின்னால் வைத்துத் தூக்குங்கள். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், இந்தக் குளிரில் வெறும் சிமெண்ட் தரையில் படுக்காதீர்கள், அடியில் ஒரு கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.