ஊரப்பாக்கத்துக்குத் தனி பஸ் எதுக்கு? தாம்பரம் யார்டு பிளாக் பற்றி ஒரு சண்டை

பல்லவன்73:
2024 ஆகஸ்ட்ல தாம்பரம் ரயில் யார்டுல ‘பிளாக்’ போட்டு, அதாவது ரயிலை நிறுத்திவெச்சு, வேலை பண்ணினதைப் பற்றிய புலம்பல் இன்னும் ஓயலை. பல்லாவரம் – கூடுவாஞ்சேரி நடுவில் ரயில் இல்லாத நேரத்துக்குக் கூடுதல் பஸ் விட்டாங்க. அதுக்கு மேல பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம்னு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தனி பஸ் கேட்கிறது அநியாயம். தண்டவாளத்தை ஒட்டித்தான் ஜிஎஸ்டி ரோடு போகுது. ரோட்டுக்கு வந்து கை காட்டுங்க, பஸ் நிற்கும்.

யார்டுராஜா:
இடம் இருந்தாத்தானே நிற்கும்? 12 பெட்டி லோக்கல்ல உட்கார்ந்து போறவங்களே ஆயிரம் பேர் இருப்பாங்க. நிற்கிறவங்க அதுக்கும் மேல. ஒரு பஸ்ஸுக்கு 70 பேர்னு வைங்க. செங்கல்பட்டுல இருந்து வர்ற வண்டி கூடுவாஞ்சேரியோட நின்னு கூட்டத்தை இறக்கினதும், பல்லாவரம் போக வரிசையில நிற்கிற அத்தனை பஸ்ஸும் அங்கேயே நிரம்பிடும். அடுத்தது ஊரப்பாக்கம். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்துட்டுப் போயிடுவார், அவர் மேல தப்பே இல்லை. அதனால ஊரப்பாக்கத்துல இருந்தே காலியாப் புறப்படுற கட் சர்வீஸ், அதாவது முழுத் தூரம் ஓடாம நடுவுல இருந்து கிளம்புற பஸ், வேணும். அஞ்சு பஸ்ஸுக்கு ஒண்ணு போதும்.

பல்லவன்73:
அஞ்சுக்கு ஒண்ணா? அந்த ஒண்ணை எந்த டெப்போ தரும்? டிரைவர், கண்டக்டர் டியூட்டி யார் போடுவாங்க? ஸ்பேர் வண்டி மரத்துல காய்க்குதா?

யார்டுராஜா:
புது வண்டியே வேண்டாம். கூடுவாஞ்சேரிக்கு வர்ற பஸ்ஸுல அஞ்சாவதை ஊரப்பாக்கத்தோட திருப்பிவிடுங்க. அதுல இருக்கிற நாலு பேரை முன்னாடியே சொல்லி அடுத்த பஸ்ஸுல ஏத்திவிடலாம். தேவை ஒரு டைம் கீப்பர், ஒரு வாக்கிடாக்கி. ரயில்வே ஆளும் டைம் கீப்பரும் ஒரே இடத்துல நின்னா ரயில் எத்தனை மணிக்கு வருதுன்னு தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி பஸ்ஸைப் பிடிச்சு வைக்கலாம். அஞ்சுக்கு ஒண்ணு. திரும்பவும் சொல்றேன், அஞ்சுக்கு ஒண்ணு.

வண்டலூர்வாசி:
ரெண்டு பேருமே ரோட்டைக் கடக்கிறதை விட்டுட்டீங்க. அந்தப் பக்கம் ஸ்டேஷனெல்லாம் ஜிஎஸ்டிக்குக் கிழக்கே. தெற்கே போற பஸ் ஸ்டேஷன் பக்கமே நிற்கும். பல்லாவரம் போற பஸ்ஸோ எதிர்ப்பக்கம். பெட்டி படுக்கையோட, வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு, நடுவுல தடுப்பு இருக்கிற ரோட்டைக் கடக்கணும். “ரோட்டுக்கு வந்து கை காட்டுங்க”ன்னு சொல்றவர் எந்தப் பக்கத்து ரோடுன்னு சொல்லலையே.

பல்லவன்73:
ரயில் ஓடுற நாள்ல மேற்குப் பக்கத்துக்காரங்க ரோட்டைக் கடக்காமலா ஸ்டேஷனுக்கு வர்றாங்க?

வண்டலூர்வாசி:
அன்னைக்கு அவங்கவங்க வேகத்துல நிதானமாக் கடப்பாங்க. பிளாக் அன்னைக்கு பஸ் வந்துட்டதைப் பார்த்து ஓடுவாங்க. ரெண்டும் ஒண்ணா?

சீசன்செல்வி:
பஸ் எங்க நின்னா என்ன, காசு யார் கொடுக்கிறது? ரயில் சீசன் பஸ்ஸுல செல்லாது. மாசம் முழுக்கக் கட்டினவங்க திரும்பவும் டிக்கெட் எடுக்கணும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸுல இலவசம், சரி. சிறப்பு பஸ்ஸுன்னு டீலக்ஸை அனுப்பினா அதுவும் போச்சு. எந்த போர்டு பஸ்ஸு, சாதாரணமா டீலக்ஸான்னு அறிவிப்புலயே போடணும்.

பல்லவன்73:
இப்ப இலவசத்துக்கு வந்தாச்சா? அடுத்து டீ, பிஸ்கட்டா?

சீசன்செல்வி:
கட்டின காசைக் கேட்டா அதுக்குப் பேர் இலவசம் இல்லைங்க.

தடம்தமிழன்:
அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வேலை நடந்தது தாம்பரத்தில். ரயிலைக் கூடுவாஞ்சேரியோடு ஏன் நிறுத்த வேண்டும்? வண்டலூர் வரை விட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

யார்டுராஜா:
வந்த ரயில் திரும்பிப் போக கிராஸ்ஓவர், அதாவது ஒரு தடத்துல இருந்து பக்கத்துத் தடத்துக்கு மாறுற இணைப்பு, வேணும், அதை இயக்க சிக்னல் வேணும். நடைமேடை இருக்கிற இடமெல்லாம் லோக்கலைத் திருப்ப முடியாது. தடம் மாத்திவிடுற பாயின்ட் இல்லாத ஸ்டேஷன்ல வண்டி அப்படியே பின்னால வந்தா, அதே தடத்துல எதிர்த் திசையில ஓடினதா ஆகிடும். சின்ன ஸ்டேஷன் மாட்டிக்கிறது இதனாலதான். அதனாலதான் அஞ்சுக்கு ஒண்ணு கேட்கிறேன்.

தடம்தமிழன்:
பாடம் நடத்த வேண்டாம். கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27-இல் நிறுத்தியபோது “ஏழு மாதம்தான், மாற்றுப் பேருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று இங்கே எழுதியது தாங்கள்தானே? ரயில் திரும்ப வந்தது 2024 அக்டோபர் 29.

யார்டுராஜா:
ஏழு மாசம்னு அறிவிச்சது ரயில்வே. நான் அதை எடுத்துப் போட்டேன். அங்கே கோட்டைக்கும் பூங்காவுக்கும் பக்கத்துலயே புறநகர் ரயில் இருந்துச்சு. ஊரப்பாக்கத்துக்கு என்ன இருக்கு?

தடம்தமிழன்:
வேளச்சேரியிலிருந்து வருபவர் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி சென்ட்ரலுக்கு எப்படிப் போவார்? அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

பல்லவன்73:
விடுங்க தமிழன் சார், அவருக்கு அஞ்சுக்கு ஒண்ணைத் தவிர வேற எண்ணே தெரியாது. ஊரப்பாக்கத்துல பஸ்ஸைத் திருப்பணும்கிறாரே, எங்கே திருப்புவார்? ஜிஎஸ்டி நடுவுலயா?

யார்டுராஜா:
கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவுல இருக்கு. 2023 டிசம்பர் கடைசியிலேயே திறந்தாச்சு. காலி வண்டியை அங்கே நிறுத்தி வையுங்க.

வண்டலூர்வாசி:
அதுவும் ரோட்டுக்கு மேற்கே. ஊரப்பாக்கத்துக்கு வடக்கேயும் கூட. அங்கிருந்து பல்லாவரம் புறப்படுற பஸ் ஊரப்பாக்கம் பக்கமே வராதே ராஜா சார். முதல்ல தெற்கே போய்த் திரும்பி வரணும்.

யார்டுராஜா:
வரட்டும். காலி வண்டிதானே? ஒரு சுத்து சுத்தி வர எத்தனை நிமிஷம்?

பல்லவன்73:
சாயங்காலம் ஜிஎஸ்டியில ஒரு சுத்தா! மேப்பைத் திறந்து பாருங்க.

யார்டுராஜா:
பார்த்துட்டுத்தான் பேசறேன். அஞ்சுக்கு ஒண்ணு. முடியாதுன்னா உங்க கணக்கைப் போடுங்க, 70 பேர் பஸ்ஸுல ஊரப்பாக்கத்துக்கு எத்தனை சீட் மிச்சம் வருதுன்னு.